கழற்றிப்போட்ட உடம்பு

விலங்கியல் டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. கிரேக்கத்தில் ‘வெளியே’ என்று பொருள்படும் எக்ஸோ, எக்டோ இரண்டையும் கல்லூரியில் ஊட்டிவிட்டது போதாமல் வீட்டுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தங்கச்சி தலையைச் சொறிந்தால் போதும், “எக்டோபாரசைட்டா?” என்பாள். பேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் போல.

“உன் கிரேக்கக்காரனை வாசலோட நிறுத்துக்கா!”

தங்கச்சி குறைமாதக் குழந்தையோடு அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். உள்ளங்கையில் வைத்தால் இன்னும் இரண்டு குழந்தைக்கு இடம் மிச்சமிருக்கும், அவ்வளவுதான் ஆள். குளிர் ஆகாதென்று தொட்டிலுக்கு மேலே எந்நேரமும் விளக்கு எரிந்தது.

விடுமுறை என்பதால் ஆய்வகத்து மயிர்ச்சிலந்தியும் கண்ணாடிப் பெட்டியோடு வந்திருந்தது. டீச்சர் கணக்கில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு. அவள் கணவர் கணக்கில் அது வாசற்கதவுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. மனிதர் அன்றைக்கே தம்பி வீட்டுக்கு ஓடிப்போனார்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், சிலந்தி காலை மடக்கிக் கிடந்தது. டீச்சர் பெட்டியைத் தட்டினாள். அசையவில்லை.

“போயிடுச்சுடி,” என்றாள்.

“அப்பாடா! அத்தானுக்குப் போன் போடட்டுமா?”

“நெஞ்சுல ஈரமே இல்லையாடி உனக்கு?”

மூடியைத் திறந்துபோட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு ஜாடியைக் கழுவி ஸ்பிரிட் நிரப்பினாள். செத்த பிராணியைப் பாடத்துக்குப் பத்திரப்படுத்துவதுதான் அவள் அறிந்த மரியாதை. வந்து இடுக்கியால் தூக்கி ஜாடிக்குள் இறக்கினாள்.

அது முங்கவில்லை. காகிதக் கப்பல் மாதிரி மிதந்தது. அமுக்கினாள், துள்ளி மேலே வந்தது.

புரட்டிப் பார்த்தாள். முதுகில் ஒரு மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. எட்டுக் காலும் கையுறை விரல்களாக வெறுமையாய்த் தொங்கின.

எக்ஸோஸ்கெலிட்டன். வெளியே மாட்டிக்கொள்ளும் எலும்புக்கூடு. வளர்ந்ததும் கழற்றிப்போட்டுவிடும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், துக்கத்தில் முதுகைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு ஓடி மரப்பட்டையைப் புரட்டினாள். அடியில் ஈரமான ஒரு குழி மட்டும் இருந்தது.

“அப்போ, அது?” தங்கச்சியின் குரல் கிணற்றுக்குள் போனது.

“வெளியே போயிடுச்சு. முன்னைவிடப் பெருசா.”

“எங்கக்கா போகும்?”

டீச்சரின் உதடு தானாக அசைந்தது. “எக்டோதெர்ம்…”

“தமிழ்ல சொல்லித் தொலை!”

“அதோட உடம்புல சொந்தச் சூடு கிடையாதுடி. வெளியேருந்துதான் வாங்கிக்கணும். குளிரடிச்சா, சூடு எங்க இருக்கோ…”

இரண்டு பேரும் தொட்டில் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை தூங்கியது. அதன் நெஞ்சு முழுவதையும் மறைத்துக்கொண்டு, புத்தம்புதிதாக, ஈரப் பளபளப்போடு அது உட்கார்ந்திருந்தது. குழந்தை மூச்சிழுக்கும்போதெல்லாம் மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது.

தங்கச்சி பாய்ந்தாள். டீச்சர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “தட்டிடாதே! பதறினா கடிச்சிடும்.”

குனிந்து நச்சுப்பல்லைப் பார்த்தாள். தோலுரித்த புதிதில் அது வெள்ளை, மெழுகு மாதிரி. பிறகு சிவக்கும். கறுத்து இறுகிவிட்டால் சதைக்குள் இறங்கும். இது சிவந்திருந்தது. நுனி மட்டும் கறுப்பு.

விளக்கை அணைத்தாள். தொட்டிலருகே இருந்த பிளாஸ்க் வெந்நீரில் கையை முக்கி, கதறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, துடைத்து, குழந்தையின் நெஞ்சோரம் விரித்து வைத்தாள். ஒரு கால் நீண்டு அவள் விரலைத் தடவிப் பார்த்தது. யோசித்தது. நனைந்த துணி ஊர்வதுபோல எட்டுக் காலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.

கையைத் தூக்கியதும் தங்கச்சி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அடியே, திறடி! பெட்டி அந்தப் பக்கம்தானே இருக்கு!”

“அதைக் கீழே விடு, திறக்கிறேன்!”

“கீழே விட்டா தொலைஞ்சிடும்டி. குழந்தை எப்படி இருக்கா?”

“கொட்டாவி விடறா.”

நல்லது என்று மனம் ஆறியது. ஆனால் உள்ளங்கையும் ஆறிக்கொண்டிருந்தது. சிலந்திக்கு அது பிடிக்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, அக்குளின் கதகதப்பைத் தேடி நகர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பல்லை மறுபடி பார்த்தாள். சிவப்பு எங்கேயும் இல்லை.

“பெட்டியை எடுத்துட்டு வா கண்ணு,” என்றாள், இதுவரை யாரிடமும் பேசாத இனிப்புக் குரலில். “ஓடாதே. சத்தமே போடாம வா.”

ரவிக்கைக் கையின் விளிம்பு மெல்ல மேலே தூக்கிக்கொண்டது.