ஓடிக்கொண்டிருப்பவளின் வரலாறு

செத்தவர்களைப் பற்றி எழுதுவது சுகம். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகங்களில் பாதி என் கையால் வந்தவை. பிறந்தது, படித்தது, கட்டியது, பெற்றது, பிறகு இரண்டு தேவாரம். போன ஆள் எழும்பி வந்து இதை மாற்று என்று நிற்காது. அந்தத் துணிச்சலில்தான் உயிரோடு இருக்கிற ஒருத்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டேன். விசர் வேலை.

ஆரணி நானூறு மீற்றர் ஓடுகிறவள். தேசியச் சாதனை அவளுடையது. உரும்பிராய்ச் சந்தியில் அவளுடைய பதாகை கடைப் பெயர்களை எல்லாம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. சின்ன வயதிலிருந்து அவளைப் பழக்கியவர் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் நடராசா மாஸ்ரர். புத்தகத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

ஓடிக்கொண்டிருக்கிறவளின் கதையை எங்கே கொண்டுபோய் முடிப்பது? கடைசி அத்தியாயம் என்று ஒன்றை எழுதி வைத்தால் அவள் இன்னொரு போட்டியில் வென்றுவிட்டு வருவாள். திரும்ப எழுது. தோற்ற போட்டிகளை வெட்டு என்பார் மாஸ்ரர். அவளுக்கு முதற் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது தான்தானே, அதை ஏன் காணவில்லை என்று கனடாவிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பின்னேரம் ஆரணி என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருந்தவள் வலது காலை மடக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள்.

“அண்ணை, கடைசி அத்தியாயத்தில ஒண்டு சேர்க்கவேணும். என்ரை முழங்கால் சவ்வு கிழிஞ்சு போச்சு.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“இனி ஓடினா, பேந்து ஒழுங்கா நடக்கவும் ஏலாதாம். டொக்டர் சொல்லிப்போட்டார். ஒப்பரேசன் செய்யவேணுமாம்.”

“மாஸ்ரருக்குச் சொன்னனியோ?”

“சொன்னனான். மனப்பயம் எண்டார். ஆசியப் போட்டி முடியட்டும், அதுமட்டும் ஊசி போட்டு ஓடலாமாம்.”

“அம்மா?”

“அழுதா. ஊர் முழுக்க உன்னை நம்பியிருக்கு, இந்த ஒருக்கா மட்டும் ஓடு பிள்ளை எண்டா.”

“அப்ப ஓடமாட்டன் எண்டு நீயே எல்லாருக்கும் சொல்லன்!” எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் வாய் திறந்தாலே ‘சரி சரி, சாப்பிட்டிட்டுப் படு’ எண்டுதான் பதில் வருது அண்ணை. அச்சில வந்தா ஒருத்தரும் மறுக்கேலாது. நீங்கள் எழுதுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்.”

அவள் அழவில்லை. அன்றைக்கே எழுதினேன். சவ்வு கிழிந்தது, டொக்டர் சொன்னது, அவள் ஓட விரும்பவில்லை என்பது. எழுதியதைச் சேர்த்து முழுப் பிரதியையும் மாஸ்ரரிடம் கொடுத்துவிட்டு, மனுசன் கிழித்து எறியப் போகிறார் என்று வியர்த்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கங்களைத் தட்டிப் புரட்டினார். தன் படம் வந்த பக்கத்தில் நின்றார். நன்றியுரையில் நின்றார்.

“தம்பி பிரவீணன், என்ரை படம் மங்கலாக் கிடக்கு. வேறை ஒண்டு தாறன். மற்றதெல்லாம் திறம். அச்சுக்குக் குடும்.”

கல்வெட்டு வாங்குகிறவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அது எனக்குத் தெரியாததா? உயிரோடு இருக்கிறவளின் கதையையாவது வாசிப்பார்கள் என்று நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்த சனம். ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை. ஆய்வுரை செய்தவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆசியப் போட்டியில் தங்கம் என்றுதான் எல்லோரும் முடித்தார்கள். மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்த ஆரணி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தை விரித்து, உரக்க, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன்.

“...இனி ஓடினால் அவளால் நடக்க முடியாமற் போகலாம். ஆரணி ஓட விரும்பவில்லை.”

முன்வரிசையில் அவளுடைய தாய் பராசக்தி அக்கா வாயைப் பொத்தினார். அப்பாடா, சொல்லியாயிற்று என்று மூச்சு விட்டேன்.

மாஸ்ரர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

“கேட்டியளோ! கிழிஞ்ச காலோடதான் எங்கடை பிள்ளை இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறாள்! இந்தக் காலோடையே தங்கமும் கொண்டருவாள்!”

கைதட்டல் எழும்பியது. விசில் அடித்தார்கள். கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஆரணியையும் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டுக்கொண்டு, படம் எடுப்பவர்களுக்குச் சிரிப்பதுபோல் அவள் சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கம் குனிந்தாள்.

“கடைசி வசனத்தை இன்னொருக்கா வாசியுங்கோ அண்ணை. அவைக்குக் கேக்கேல்லை.”

மைக் மாஸ்ரரின் கையில் இருந்தது. நான் மேடையின் விளிம்புக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன்.

“அவள் ஓட விரும்பேல்லை! அவளுக்கு ஓட விருப்பமில்லை!”

பராசக்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையருகே வந்தார். கைதட்டுவதை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

“எல்லாருக்கும் கேட்டது தம்பி,” என்றார். “கத்தாதையுங்கோ.”