இரண்டாவது மாடிப் பாடகர்

தீபிகாவின் சீர்வரிசையைக் கூடத்தில் பரப்பி வைத்தபோது, கிரைண்டருக்கும் பீரோவுக்கும் நடுவே அவளுடைய ரெக்கார்டு பிளேயரும் இருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதை இண்டக்ஷன் அடுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. அடுப்பென்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வீடு தி.நகரில், குடும்பத்து ஜவுளிக்கடைக்குப் பின்தெருவில். மாமனார் சுயம்புலிங்கம், மாமியார் சரோஜாதேவி, கணவன் விஜயராகவன், போதாததற்குத் தூத்துக்குடியிலிருந்து துணியெடுக்க வரும் சொந்தபந்தம். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் வம்பே. கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளைத் தேனாம்பேட்டை வேலையை விடச் சொன்னதுகூட, "வெயில்ல எதுக்கு அலையுத?" என்ற கரிசனத்தில்தான்.

மதியம் மாமியார் கண்ணயர்ந்ததும் தீபிகா அறைக்கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் ஓர் இரவை உண்டாக்கிக்கொள்வாள். அந்த இசைத்தட்டுக்கு இரவு வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் மனமுருகிப் பாடிய, 'சோல்' என்கிற வகைப் பாட்டுகள். சம்பளம் வாங்கிய காலத்தில் திருவல்லிக்கேணிப் பழைய சாமான் கடையில் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கியது. ஊசி இறங்கியதும் அப்பளம் பொரிகிற மாதிரி மெல்லிய சத்தம். பிறகு பேஸ் கிடார். நம்மைக் காக்கவைத்து, காக்கவைத்து, அப்புறம்தான் அந்தக் குரல். கெஞ்சாது, கத்தாது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு அவர் போய்ச்சேருவதற்குள் பாண்டி பஜாரில் ஒரு சேலையே எடுத்துவிடலாம்.

அந்த நிதானம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டில் மற்றவர்கள் ஏதாவது வேலை இருந்தால்தான் அவளைக் கூப்பிட்டார்கள். இவருக்கு அவளிடம் ஆகவேண்டியது எதுவுமில்லை. ஒரு பக்கம் முடிந்தால் அவளாக எழுந்து தட்டைப் புரட்டுகிறவரை பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் மருமகள் இல்லை. அதை மட்டும் யாரும் தொடாமலிருந்தால் போதும், மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வாள்.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம் மாமனாருக்குப் பிரஷர் ஏறி, மதியமே வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்தார். தீபிகாவுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கதவைத் திறந்தால் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"யாரும்மா அந்த ஆளு?"

"பழைய இங்கிலீஷ் பாட்டு மாமா."

"அவசரமே படமாட்டேங்காரே! கேட்டுக்கிட்டே அசந்துட்டேன். படபடப்பெல்லாம் நின்னுட்டு."

அவளுக்கு அவர்மேல் பாசமே பொங்கியது. இந்தப் பாட்டு புரிகிற இன்னொரு மனிதர் இந்த வீட்டில் இருக்கிறாரே என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

"இதக் கேட்டா ஒருத்தனும் சீக்கிரம் எந்திரிக்க மாட்டான்," என்றார் சுயம்புலிங்கம். "நம்ம கடை ரெண்டாவது மாடில போட்டா என்ன?"

இரண்டாவது மாடி என்றால் கல்யாணப் பட்டு. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? அது என்னுடையது என்றா? அந்த வீட்டில் தனியாக ஒருவருடையது என்று எதுவும் கிடையாது. மாமனாரின் மூக்குக்கண்ணாடியையே பாதி நேரம் மாமியார்தான் போட்டிருப்பார்.

அன்றைக்கே விஜயராகவன் பாட்டுகளைப் போனில் பதிவு செய்துகொண்டான். நடுநடுவே அறிவிப்பும் வேண்டுமாம். தீபிகாவின் குரல் இனிமை என்று அவளையே பேசவைத்தார்கள். "அன்பான வாடிக்கையாளர்களே, முகூர்த்தப் பட்டுகளுக்கு இரண்டாவது மாடிக்கு வருக, வருக!" பாடகர் மூச்செடுக்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து விஜயராகவன் அதைச் செருகினான். பாட்டில் மிச்சமிருந்த அமைதியும் அத்தோடு தீர்ந்தது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அவர் ஓயாமல் பாடினார். புரட்டிப்போட ஆள் தேவைப்படவில்லை. கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன தீபிகாவை, பட்டுப் பிரிவில் நிற்கும் மணிமொழி பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு இன்னா மாயம் வெச்சிகிறாரோக்கா. குந்துனா எந்திரிக்கவே மாட்டேன்றாங்க. நின்னுகினே எனக்குத்தான் காலு பூட்ச்சு."

தீபிகாவால் சிரிக்க முடியவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்ல அவளுக்கும் வழியில்லை, மணிமொழிக்கும் வழியில்லை.

ஆடி முடிந்து ஒரு மதியம் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, தட்டைப் போட்டாள். நல்லவேளை, குரல் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் அவர் மூச்செடுக்க நிறுத்தினார்.

"வருக, வருக," என்றது அவள் வாய், தானாக.

ஊசியைத் தூக்கிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி இந்தத் தட்டை எங்கே கொண்டுபோய்க் கேட்டாலும் அந்த இடத்தில் தன் குரல்தான் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. தலையணையோடு சரோஜாதேவி.

"ஏன் தாயி நிப்பாட்டிட்ட? நல்லாத்தான இருந்துது. ஒத்தைல எதுக்குக் கேக்குத? இனிமே நானும் இங்கனயே படுத்துக்கிடுதேன்."

"சரி அத்தை."

சரோஜாதேவி கட்டிலில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். தீபிகா கண்ணைத் துடைத்துவிட்டு ஊசியை மறுபடி முதல் பாட்டில் வைத்தாள்.

"கொஞ்சம் சத்தமா வையி," என்றார் மாமியார்.

வைத்தாள்.