வாத்துக் கோப்பையின் கழுத்து

அக்காவுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பாள். மின்விசிறி ஓடுகிறது, வாசலில் வேறு மருந்துக்கடை அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு சின்ன 'டிக்' எப்படிக் கேட்கும்? எனக்கே கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா?

இல்லை. கையிலேயே உணர்ந்தாள் இளையவள்.

மடியில் வாத்து வடிவக் கண்ணாடிக் கோப்பை. வயிற்றில் பாலை ஊற்றி அலகு வழியாகக் குடிக்கலாம். மருந்துக்கடை அம்மாவின் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. டம்ளரைத் தட்டிவிடும் மனிதர், இந்த வாத்தைப் பார்த்துத்தான் சிரித்தாராம். ஒற்றைக் கையில் வழுக்காமலும் சூடு தெரியாமலும் இருக்க, பருத்திக் கயிற்றால் முடிச்சு உறை கேட்டிருந்தாள் அந்த அம்மா.

உறையைத் தனியாகப் பின்னி மாட்ட முடியாது. கண்ணாடியின் மேலேயே பின்ன வேண்டும். கழுத்துக்கு வரும்போது மட்டும் இளையவள் தன் சுண்டுவிரலைக் கயிற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொடுத்துத்தான் முடிச்சை இறுக்குவாள். விரல் வலித்தால் அதற்கு மேல் இழுக்கக் கூடாது. இன்று விரலில் கொப்புளம். விரலை எடுத்துவிட்டு இழுத்தாள்.

நகத்தால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று ஒலிக்கவில்லை. முடிச்சுகளை விலக்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். தலைமுடி போல ஒரு கோடு, கழுத்தில் பாதி தூரம். கயிற்றை விட்டதும் கோடு மறைந்துபோனது. எவ்வளவு சுலபமாக மறைகிறது! சூடான பால், ஒற்றைக் கை. சில்லு வாய்க்குள் போனால் அந்த மனிதரால் துப்பக்கூட முடியாது.

சொல்லிவிடலாம். ஆனால் அக்கா என்பவள் ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. வீடும் அவளுடையது, இந்தக் கயிற்றுப் பின்னல் தொழிலும் அவளுடையது. கணவனுக்கு வேலை போனபின் இருவரும் இங்கேதான். முன்பு ஒரு தேன் ஜாடி உடைந்தபோது, "என் கொழுந்தன் பொண்டாட்டி கையில இரும்பைக் குடுத்தாலும் ரெண்டா வரும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கூடச் சேர்ந்து இவளும் சிரித்து வைத்தாள்.

"என்னடி, வாத்து முட்டை போடுதா?" மூத்தவள் உள்ளே வந்தாள். "அந்தம்மா எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"அக்கா... கழுத்துல விரிசல் விட்டுடுச்சு."

மூத்தவள் குனிந்தாள். கயிற்றை விலக்கவில்லை. "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"முடிச்சுக்கு அடியில."

"அடியிலதானே, இருக்கட்டும்." பேச்சு கிசுகிசுப்பானது. "கயிறு புடிச்சுக்கும். இந்த மாதிரி இன்னொண்ணு எங்க போய்த் தேடுறது? கடைசி முடிச்சப் போட்டு நீயே கொண்டுபோய்க் குடு. மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்க."

"அவரு வாயில வெச்சுக் குடிப்பாருக்கா."

"பின்ன மூக்குலயா குடிப்பாரு?" சொல்லிவிட்டு மூத்தவள் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "இந்த வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன குறை வெச்சேன், சொல்லு."

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று இளையவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுத் தட்டின் முன்னும் அதற்குப் பயந்தபடியேதான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வந்துவிட்டது.

"ஆச்சாம்மா?" வாசலிலிருந்து மருந்துக்கடை அம்மா. "அங்க அவரு தனியா இருக்காரு."

"இதோ வந்துட்டா!" என்று குரல் கொடுத்த மூத்தவள், போ என்று கண்ணால் காட்டினாள்.

இளையவள் கயிற்றின் இரு நுனிகளையும் விரல்களிலிருந்து நழுவவிட்டு, கோப்பையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"நான் குடுக்க மாட்டேன்க்கா" என்றாள், தலையைத் தூக்காமல்.