ஐந்து வாரம் அப்பா யார் வீட்டில்

அப்பாவின் இதயத்தில் மூன்று அடைப்புகள். மாரடைப்பைக் கொண்டுவந்த ஒன்றை மட்டும் பெர்த் மருத்துவமனையில் அன்றைக்கே ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். மீதி இரண்டையும் இப்போதே சரிசெய்வதா, பிறகா என்பதுதான் கேள்வி.

"இப்பவே செய்யலாம்தான். ஆனா ரத்தக்குழாயைப் படம் பாக்க முதல்ல செலுத்துன சாயத்துக்கே கிட்னி திணறுது. அது தேறட்டும். அஞ்சு வாரத்துல வாங்க. தள்ளிப்போடக் கூடாது" என்றார் டாக்டர் பின்லே.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். "அதுவரைக்கும் எங்க தங்குறது? நீ என்னடா சொல்ற, டாவோர்?"

பெர்த்திலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, கடலோர ஊரான ஜெரால்ட்டனில் மூன்று வருடமாக அவருக்குச் சமைப்பவள் நான். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது ஆம்புலன்ஸை அழைத்தவளும் நான். பெர்த்தில் இருக்கும் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான்.

"எங்க வீட்லயே இருங்கப்பா. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்."

"அதான் சரி. நல்ல காபியாவது கிடைக்கும். இவ போடுறது கடல் தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் பார்க்கிங் காசு போடப் போனதும் அப்பாவிடம் குனிந்தேன். "வெள்ளை ஓட்டம் அடுத்த வாரம் ஆரம்பிக்குதுப்பா."

வெளிறிய சிங்கி இறால்கள் ஆழ்கடலை நோக்கிக் கூட்டமாகக் கிளம்பும் காலம் அது. முப்பத்தெட்டு வருடமாகச் சிங்கி இறால் பிடிக்கும் அப்பா ஒரு ஓட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

அவர் முகம் மாறியது. "படகேற மாட்டேன். கரையில நின்னு பாக்குறேன். வீட்டுக்கே போலாம், மிர்னா."

ஜெயித்துவிட்டேன். துணிகளை மடித்துப் பையில் அடுக்கும்போது, படகில் வேலை செய்யும் ரைலியிடம் அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"கூண்டெல்லாம் ஏத்தி வைடா. வியாழக்கிழமை கிளம்புறோம். ஆஸ்பத்திரியா? அதெல்லாம் ஓட்டம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

இதைச் சொன்னால் அப்பா அண்ணன் வீட்டில். சொல்லாவிட்டால் என் வீட்டில், இல்லை, கடலில். யோசிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் யோசித்தேன்.

வராந்தாவில் அண்ணனை நிறுத்திச் சொன்னேன். "அப்பாவை நீயே வெச்சுக்க. எங்கூட ஊருக்கு வந்தா கடலுக்குப் போயிடுவாரு."

"நீயே சொல்லிப் பாரேன், கேப்பாரு."

"நீ சொன்னாத்தான் கேப்பாரு." சொல்லும்போது நாக்கு கூசியது.

அண்ணன் உள்ளே போய்ப் பேசிவிட்டு அவரை அழைத்து வந்தான். "காட்டிக் குடுத்துட்டியே, துரோகி" என்றார் அப்பா என்னிடம். பிறகு அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

ஐந்து வாரத்தில் மற்ற இரண்டு அடைப்பையும் திறந்துவிடுவார்கள். அது தெரிந்தும், அந்தத் தோளில் இருந்த கையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.