அறுபத்து மூன்றாவது சாவு

சிலுவைராஜ் அண்ணன் முப்பத்தெட்டு வருடத்தில் அறுபத்திரண்டு முறை செத்திருக்கிறார். சினிமாவோ சீரியலோ, மலையாளமோ தமிழோ, பாதிக்கு மேல் அவரை விட்டுவைக்க மாட்டார்கள். அவருடைய மேக்கப்காரனான எனக்கு மூக்கில் பஞ்சு வைப்பதுதான் முக்கால்வாசி வேலை.

இந்த சீரியலில் அவர் தாத்தா. கடைசி எபிசோடில் பேத்தி கல்யாணம். அதில் முன்வரிசையில் நிற்பீர்கள் என்று டைரக்டர் சிஜு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு கதையிலாவது முடிவுவரை உயிரோடிருக்க வேண்டும் என்பது மனிதருக்கு வெறி. அதற்காகப் பட்டு வேட்டியே எடுத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை ஷூட்டிங்குக்காக மறையூரில் வேனை விட்டு இறங்கினால், சவப்பெட்டி காத்திருக்கிறது. ரேட்டிங் படுத்துவிட்டதாம், தாத்தா சாக வேண்டுமாம்.

அண்ணன் பெட்டிக்குள் ஏறிப் படுத்தார். பிரமாதமாகச் செத்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் உடனே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். இல்லாவிட்டால் யூனிட்டில் ஒருவனும் அடுத்த ஷாட்டுக்கு லைட்டைத் தொட மாட்டான்.

"சேட்டா, சிரிங்க" என்றார் சிஜு.

"மாட்டேன்." கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கல்யாணத்துல நான் இருக்கணும்லா? மாத்தி எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் செத்தவன்தான்."

கேமராமேன் ஜோமோன் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் கெஞ்சியும் பிணம் அசையவில்லை. அண்ணன் மனைவி ஞானஜோதிக்குப் போன் போட்டார்கள்.

"இவரு டிவில சாவுத ஒவ்வொரு தடவையும் எஸ்டேட் லயத்துப் பொம்பளைக துக்கம் கேக்க வந்துருதாளுக. இனி காப்பி போட என்னால ஆவாது. அவரு கிடக்கட்டும்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார் அக்கா.

சிஜு தோற்றார். பெட்டியை மூடும்போது தாத்தாவின் விரல் அசைவதாக எழுதவைத்தார். கல்யாணத்தில் முன்வரிசை உறுதி என்று எல்லோர் முன்னாலும் சத்தியமும் செய்தார். அண்ணன் எழுந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது.

சிஜு சொன்ன சொல் தவறவில்லை. கல்யாணக் காட்சியில் முன்வரிசையில்தான் அண்ணனைப் போட்டார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலோடு. தாத்தா கோமாவில் இருக்கிறாராம். பட்டு வேட்டியைப் போர்வை மறைத்துவிட்டது. மூக்கில் பஞ்சுக்குப் பதிலாகக் குழாய். பாவி நான்தான் மாட்டினேன்.

கட் சொன்னதும் அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சிரிக்கவா?" என்று கேட்டார்.

"வேண்டா சேட்டா, கோமாவுக்கு அந்த வழக்கம் இல்ல" என்றார் சிஜு. லைட்டை அணைத்துவிட்டார்கள்.