ஓட்டை போடாத வேலை

மடிப்புத் தகட்டுக் கூரையில் ஓட்டை போடாமல் சோலார் பேனல் மாட்டுவான் என்பதுதான் சுஃபியானுக்கு இருந்த பேர். அந்தக் கூரையில் தகடுகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று மடிந்து, விரல் உயரத்துக்கு வரப்புபோல நிற்கும். வரப்பைக் கிளாம்ப் கவ்விக்கொள்ளும். கிளாம்பின்மேல் பேனல் உட்காரும். தகட்டில் ஒரு திருகாணிகூட இறங்காது.

திருவொற்றியூர்க் காகிதக் கிடங்கின் மேலாளர் சுகிர்தம் அவனைத் தேடிப் பிடித்ததும் அதற்காகத்தான். பழைய கூரையில் யாரோ இறக்கிய ஆணி வழியாக மழை ஒழுகி, உருளை உருளையாகக் காகிதம் ஊறிப்போயிருந்தது. "இன்னொரு தபா ஒழுகுச்சுன்னா கூரையை மாத்த மாட்டாங்க தம்பி, என்னத்தான் மாத்துவாங்க" என்றாள். ஓர் ஓட்டைகூட இருக்காது என்று வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சுஃபியான் சொன்னான்.

நடுவில் நான்கு நாள் அவன் கூரைப் பக்கமே வரவில்லை. மனைவி தஸ்னீமுக்குப் பித்தப்பையில் அறுவை. வேலையை அவள் தம்பி முதஸ்ஸிர் பார்த்துக்கொண்டான். கல்மண்டபத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவனை ஒன்பது வருஷத்துக்கு முன் இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்தது சுஃபியான்தான். அவன் முடுக்கிய நட்டை இவன் மறுபடி முடுக்கிப் பார்த்ததில்லை.

கடைசி நாள் உச்சி வெயிலில், வழக்கம்போல ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, மூவரும் கிடங்கின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த நேரத்தில் நட்சத்திரம்போல மின்னும். ஒன்றும் மின்னவில்லை.

"அமாவாசை கணக்கா கீது" என்று சுகிர்தம் சிரித்தாள். சுஃபியான் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தான்.

பிறகு கூரையோரத் தண்ணீர்க்காலைத் துடைத்துவிட்டு வரலாம் என்று மேலே ஏறினான். துணியில் பழுப்புப் பொடி ஒட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தான். இரும்புத் துரு.

அவர்கள் அங்கே அறுத்ததெல்லாம் அலுமினியச் சட்டங்கள். அலுமினியத் தூள் இப்படிப் பழுப்பாகாது. திருவொற்றியூர்க் கடல் காற்றில் ஒரே ராத்திரியில் பழுப்பாவது, இரும்புத் தகட்டைத் துளைக்கும்போது சிதறும் சுருள்தான்.

குப்புறப் படுத்து, செல்போன் விளக்கை மூன்றாவது வரிசைக்கு அடியில் நீட்டினான். கிளாம்ப் இல்லை. தகட்டிலேயே திருகாணி இறக்கி, சுற்றிலும் கறுப்புப் பசை அப்பியிருந்தது. பசை விட்டுப்போனாலும் அது பேனலின் நிழல் விழும் இடம். உள்ளே வெளிச்சம் வர வழியே இல்லை. இருட்டுச் சோதனையை அவனிடமே கற்றுக்கொண்டவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம்.

அந்தப் பக்கம் முதஸ்ஸிர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க வாடா. இது இன்னாது?"

"இன்னா மச்சான்?"

"குனிஞ்சு பாரு."

முதஸ்ஸிர் குனியவில்லை. "கிளாம்ப் நாப்பது கம்மியா பூட்ச்சு. நீ ஆஸ்பத்திரில கீற, உன்ன ஏன் பேஜாரு பண்ணணும்னு... நல்ல பசை மச்சான். சட்டுனு வுடாது."

"நான் எண்ணி எறக்கினது. எப்டிடா கம்மியாவும்?"

முதஸ்ஸிர் வயரைக் கீழே போட்டான். "அத்திப்பட்டாண்ட ஒரு வேலை புட்ச்சேன். என் பேர்ல. அங்கியும் இதே கூரை. அங்க எடுத்துகினு போனேன்."

"அங்க ஓட்டை போட்டியா?"

"மொத வேலை மச்சான். அங்க எப்டி போட்றது?"

சுஃபியான் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் சாயங்காலமானால் முதஸ்ஸிரிடமிருந்து போன் வந்தது. "அக்கா எப்டி கீது? சாப்டுச்சா?" என்று கேட்பான். வேலை எப்படி என்று இவன் கேட்டால், "நீ அக்காவ பாரு மச்சான், இங்க சோக்கா போய்கினு கீது" என்பான். அதைத் தஸ்னீமிடம் சொல்லி இருவரும் பெருமைப்பட்டிருந்தார்கள்.

"கம்னு வுட்டுடு. அந்தம்மாவே பாத்து சிரிச்சுச்சு" என்றான் முதஸ்ஸிர்.

சுஃபியான் இறங்கிப் போய் சுகிர்தத்திடம் சொன்னான். முதல் முறை அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"சொல்றதுக்கு முன்ன நிம்மதியா இருந்தேன் தம்பி. யார் போட்டது?"

பின்னாலேயே இறங்கி வந்திருந்த முதஸ்ஸிரைச் சுஃபியான் திரும்பிப் பார்த்தான். அவனே சொல்லட்டும் என்று காத்தான்.

"அவருதான் மேடம் போடச் சொன்னாரு" என்றான் முதஸ்ஸிர். "போன்ல."

குரல் நடுங்கவில்லை. வரும்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

சுகிர்தம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடிதத்தை மேசையில் விரித்தாள். "நீ சொன்னியோ, அவன் போட்டானோ, எனக்கு வாணாம். இதுல யார் கையெழுத்து?"

"என்னுதுதான் மேடம்."

"அப்போ நான் உன்னத்தான் கேப்பேன்."

"கேளுங்க. பேனல் எல்லாத்தயும் கழட்டிட்றேன். ஓட்டை போட்ட தகட்டையெல்லாம் மாத்தித் தரேன். மழைக்கு முன்ன."

அவள் கடிதத்தை மடித்து மேசை டிராயரில் வைத்தாள். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஏணியில் கால் வைத்ததும், ஒன்பது வருஷப் பழக்கத்தில் முதஸ்ஸிர் ஓடி வந்து அடியைப் பிடித்தான்.

"கையை எடு" என்றான் சுஃபியான்.

"ஆடும் மச்சான்."

"எடுடா."

அவன் கையை எடுக்கும் வரை சுஃபியான் முதல் படியிலேயே நின்றான். பிறகு ஏறினான். ஏணி ஆடத்தான் செய்தது.