முதல் பரிசு வாங்கிய கால்

“தூத்துக்குடியில புதுத் துறைமுகம் கட்டினதே இவன் பிறக்கப்போறான்னு தெரிஞ்சுதான்” என்றார் கிளாட்வின் அத்தான். அவர் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் அவர். கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாத உத்தியோகம். ஆகவே நாங்களும் சிரிக்கவில்லை.

‘இவன்’ என்பது பள்ளிக்கூட டீச்சரான என் அக்கா ஜெயசெல்வியின் மகன் விக்டர். துறைமுகம் திறந்த வருஷமே அவனும் பிறந்தான். பிறக்கும்போது பத்தரை பவுண்டு. அத்தான் அந்த எடையைப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார், பாதிப் பிரசவத்தை அவரே பார்த்த மாதிரி.

பிள்ளைக்கு நாக்கு பெரிது, வாய்க்குள் நிற்காது. “வக்கீலாவான்” என்றார் அத்தான். தொப்புள் எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தது. நாலணாவை வைத்துத் துணியால் கட்டினார்கள். இரண்டு காது மடலிலும் நகத்தால் கீறியது போல் கோடுகள் இருந்தன. “காது குத்துறதுக்குக் கடவுளே அடையாளம் வச்சு அனுப்பியிருக்காரு” என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மாள். எங்கள் சபையில் ஆண்பிள்ளைக்குக் காது குத்துவதில்லை என்பதை யாரும் கடவுளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

வலது கால் இடது காலைவிடத் தடித்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது அக்கா. குளிப்பாட்டி முடித்ததும் இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள்.

“ஏங்க, இந்தக் கால் நீளமாவும் இருக்கு.”

“ஃபுட்பால் காலுளா அது. போய்ச் சோத்தைப் போடு.”

எழுபத்தைந்தில் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். ஆரோக்கியத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அளவு, எடை. அதனால் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியிலிருந்து தராசு வந்தது. மற்ற பிள்ளைகளைத் தட்டில் வைத்தபோது பிள்ளைகள் கத்தின. விக்டரை வைத்தபோது தராசு கத்தியது. முதல் பரிசு ஒரு டின் பால் பவுடரும் கைதட்டலும்.

பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க டாக்டர் ஞானதீபம் அம்மாவை அழைத்திருந்தார்கள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளையே பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விக்டரின் காதைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காலை நீட்டினார். பிறகு அத்தானை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அத்தான் கைகட்டித் தலையாட்டிவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் அக்கா.

“இந்த மாதிரிப் பிள்ளை அபூர்வமாம்.”

ஸ்டுடியோவில் பால் பவுடர் டின்னோடு விக்டரைப் படம் பிடித்துக் கண்ணாடி போட்டு மாட்டினோம்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, யார் பிள்ளை மடிக்கு வந்தாலும் காலைப் பார்ப்பாள். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது அத்தான் சத்தமாக அறிவித்தார்: “எங்க வீட்டுல ஒரு கால் இன்ஸ்பெக்டர் இருக்காவ. முத்திரை போட வேண்டிய பிள்ளைய எல்லாம் வரிசையா நிறுத்துங்க.” பாஸ்டர்கூடச் சிரித்தார். கல்லூரிப் பத்திரிகைக்கு நான் யோசித்து வைத்திருந்த சிரிப்புத் துணுக்கு எதுவும் அந்த ஒரு வரிக்கு ஈடில்லை. அன்றோடு அக்கா பார்ப்பதை நிறுத்தினாள்.

“தாசு, எனக்குப் பைத்தியமாலே?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“டீச்சர் வேலைக்கு அது கூடுதல் தகுதிக்கா” என்றேன்.

அடுத்த ஏப்ரலில் விக்டருக்குக் காய்ச்சல். அத்தான் ஷிஃப்டில் இருந்தார். அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க அக்காவால் முடியாது என்பதால் டாக்டர் ஞானதீபம் அம்மா வீட்டுக்கு அவளோடு நான் தூக்கிப் போனேன். டாக்டர் அம்மா அவனைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டபடியே கேட்டார்:

“மதுரையில என்ன சொன்னாங்கம்மா?”

“எந்த மதுரை?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “பண்டிகையன்னிக்கே உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேனே. உடனே மதுரைக்குக் கொண்டுபோய் வயித்தைப் பாக்கணும், பிறகு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு.”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரிய நாக்கு, புடைத்த தொப்புள், காதுக் கோடு, பிறந்த எடை, ஒரு பக்கம் மட்டும் வளரும் கால். “தனித்தனியாப் பாத்தா ஒண்ணுமில்ல, எத்தனையோ பிள்ளைக்கு இருக்கும். எல்லாம் ஒரே பிள்ளைகிட்ட வந்தா விடக்கூடாது. வெளிநாட்டுலயே பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலதான் இது தனி வியாதின்னு கண்டாங்க. புத்திக்கு ஒண்ணும் வராது. ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு கிட்னியில, ஈரல்ல கட்டி வரலாம். சீக்கிரம் கண்டா வெட்டி எடுத்துக் காப்பாத்தலாம்.”

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கால் பெருசா இருக்குன்னும் அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“அதைத்தாம்மா முதல்ல சொன்னேன்.”

அத்தான் சாயங்காலம் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு வந்தார். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“கால் பெருசுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கோயில் வாசல்ல வச்சு என்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சீங்க.”

“ஏளா, நீ பயந்துருவேன்னுதான்…”

“பயந்திருந்தா அன்னிக்கே மதுரைக்குப் போயிருப்பேன். நீங்க எனக்குப் பைத்தியம்னு என்னையே நம்ப வச்சு உக்கார வச்சுட்டீங்க.”

“எல்லாரும் முதல் பரிசு, முதல் பரிசுன்னு சொல்லுதாங்க. அவங்ககிட்ட போயி நான் எப்படி…”

அத்தான் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா படத்தைக் கழற்றவில்லை, அழவும் இல்லை. விக்டரின் துணியை மடித்துப் பையில் வைத்தாள். “தாசு, காலையில முதல் பஸ்” என்றாள்.

அத்தானை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தார். மதுரையில் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் தூணோரம் நின்றார். பிள்ளைக்கு ஊசி போட்டு எக்ஸ்ரே எடுக்கும்போது அக்கா என்னைத்தான் உள்ளே கூப்பிட்டாள். டாக்டரின் கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, தூணுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “இப்போதைக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. ஏழெட்டு வயசு வரைக்கும் விடாம வரணும். இத்தனை மாசம் பாக்காம இருந்ததுக்கு ஒண்ணும் வராதது நம்ம நல்ல நேரம்னு சொன்னாங்க.”

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்; அடுத்து இருந்த என் மடியில் விக்டர் தூங்கிக்கொண்டிருந்தான். அருப்புக்கோட்டையில் கூட்டம் இறங்கியதும் அத்தான் எழுந்து வந்து, நடைவழிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு நேராக உட்கார்ந்தார். கரிசல் காடு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அவர் முன்னால் தெரிந்த ரோட்டையே பார்த்தார். பிறகு கையை நீட்டி விக்டரின் இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்தார். குனிந்து பார்த்தார். சட்டையைத் தூக்கி வயிற்றில் உள்ளங்கையை வைத்தார், எங்கே எப்படி அமுக்குவதென்று தெரியாமல்.

அக்கா கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கி, சேர்த்துப் பிடித்த கால்கள் விலகின. அத்தான் யாரையும் பார்க்காமல் அவற்றை மறுபடியும் சேர்த்துப் பிடித்தார்.